தேன் இளக்கும் பெட்டி: உணரியை எங்கே வைப்பது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கிராஞ்சியில் நண்பரின் தோட்டத்தில் இரண்டு பொந்துத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். எடுத்த தேனை ஃபிரிட்ஜில் வைத்தேன். அடியில் சீனி போல உறைந்துவிட்டது. அதை இளக்க, மீன் வாங்கும் தெர்மோகோல் பெட்டிக்குள் 100 வாட் பல்பு மாட்டி, தெர்மோஸ்டாட்டின் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியின்) உணரியை ஒரு தேன் போத்தலுக்குள் விட்டு 40 டிகிரிக்கு வைத்தேன். பல்புப் பக்கம் இருந்த போத்தல்கள் கறுத்துவிட்டன. இரண்டு போத்தல்களில் நுரையும் புளித்த வாடையும் வருகின்றன. எங்கே தவறு?

பதில்: உணரியைத் தேனுக்குள் விட்டதுதான் முதல் தவறு. சரி என்று நினைத்துப் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். தேன் சூட்டை மிக மெதுவாகக் கடத்தும். போத்தலின் நடுவில் 40 டிகிரி வரும்வரை பல்பு அணையாது. அதற்குள் பெட்டிக் காற்று 60, 70 என்று ஏறி, கண்ணாடியை ஒட்டிய தேன் கறுத்துவிடும். உணரியைக் காற்றில் தொங்கவிடுங்கள், அதுவும் பெட்டியிலேயே சூடு அதிகமான இடத்தில். காற்றே 40ஐத் தாண்டாவிட்டால் தேன் தாண்ட வழியில்லை. தேன் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்க்க ஒரு தனி வெப்பமானி போதும்.

ஏன் 40? கூட்டுக்குள் தேனீக்களே 34, 35 டிகிரி வைத்திருக்கின்றன. அதற்குச் சற்று மேலே நின்றால் மணமும் நொதிகளும் பெரும்பாலும் தப்பும். சூடு கூடக் கூட, பழச்சர்க்கரை சிதைந்து எச்எம்எஃப் என்ற பொருள் உருவாகும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் அதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம்தான் வரம்பு. வெப்பமண்டலத் தேனுக்கு 80. நம் ஊர் வெயிலில் அலமாரியில் சும்மா இருந்தாலே இது மெல்ல ஏறும். அதனால் அவசரப்பட்டுச் சூடேற்றாதீர்கள். அரைக் கிலோ போத்தல் இளக ஒன்றிரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

அப்புறம், 100 வாட் வேண்டவே வேண்டாம். குளிர்நாட்டுக்காரர்களின் அளவு அது. நம் அறையே 29, 30 டிகிரியில் இருக்கிறது. இன்னும் பத்து டிகிரி ஏற்றினால் போதும். 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள காப்புப் பலகையில் செய்த சிறு பெட்டிக்கு 40 வாட் வெப்பத் தகடு தாராளம். தகடு தெர்மோகோலைத் தொடவே கூடாது. அது உருகும், தீயும் பிடிக்கும். அலுமினியத் தட்டின் மேல் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஒரு சிறு கணினி விசிறி எந்நேரமும் சுழலட்டும், இல்லாவிட்டால் மேலே கொதிக்கும், கீழே குளிரும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் சில நேரம் ஒட்டிக்கொண்டு அணையாமலே நின்றுவிடும். நீங்கள் தூங்கும்போது அது நடந்தால் வீடே ஆபத்தில். 55 டிகிரியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது கட்-அவுட் ஒன்றை வெப்பத் தகட்டின் இணைப்பில் தொடராகச் சேருங்கள். உலோகப் பாகங்களுக்கு எர்த் கொடுங்கள், பிளக்கில் 3 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். இந்தச் சாமான்கள் சிம் லிம் டவரில் கிடைக்கும். 230 வோல்ட் வயரிங்கில் பழக்கம் இல்லையென்றால், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

இனி நுரைக்கு வருவோம். உங்கள் உண்மையான தொல்லை இதுதான் என்று நினைக்கிறேன். குளுக்கோஸ் உறைந்து அடியில் இறங்கும்போது, மேலே நிற்கும் பாகில் நீர் கூடிவிடும். ஈஸ்ட்டுக்கு அது போதும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், தேன் ஏற்கெனவே நீர் கூடித்தான் வருகிறது. திறந்து வைத்தால் இன்னும் இழுத்துக்கொள்ளும். தேனில் உள்ள நீருக்குக் கோடெக்ஸ் வரம்பு 20 விழுக்காடு. நீங்கள் 18 வரை கொண்டுவரப் பாருங்கள். தேனின் நீர் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

உங்கள் பெட்டியே இதற்கு உதவும். 28 டிகிரியில் 84 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 48க்கு இறங்கும். 60க்குக் கீழே போனாலே தேனிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கும். பெட்டியில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு துளை போட்டு, எறும்பு நுழையாதபடி மெல்லிய வலை ஒட்டுங்கள். தேனை எவர்சில்வர் தட்டில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி வையுங்கள். மேலே ஏடு போலப் படியும், அடிக்கடி கிளற வேண்டும். உறைந்த தேனை இளக்கும்போது மட்டும் மூடிகளை இறுக்கி, துளைகளையும் அடைத்துவிடுங்கள். அடுத்த முறை, முக்கால்வாசி அறைகளாவது மெழுகால் மூடிய அடையை மட்டும் எடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இனி ஃபிரிட்ஜ் வேண்டாம். தேன் வேகமாக உறைவதே 14 டிகிரியை ஒட்டித்தான். நன்றாக மூடி, இருட்டு அலமாரியில் வைத்தால் போதும்.

நண்பரின் தோட்டத்தில் கொசுத்தேனீ, அதாவது கெலுலுட் கூடும் இருந்தால், அந்தத் தேனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இயல்பிலேயே நீர்த்தும் புளித்தும் இருக்கும். மலேசியத் தரமே பதப்படுத்தாத அந்தத் தேனுக்கு 35 விழுக்காடு நீர் வரை அனுமதிக்கிறது. அதை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

புளித்த இரண்டு போத்தல்களைச் சூடாக்கினாலும் பழைய ருசி திரும்பாது. நல்ல தேனோடு கலக்க வேண்டாம். கோழி ஊறவைக்கப் பயன்படுத்துங்கள். அந்தப் போத்தல்களை வெந்நீரில் கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவைத்த பிறகே அடுத்த தேனை ஊற்றுங்கள்.