ஸ்மார்ட் மீட்டர் பொருத்தினால் மட்டும் மின்சாரம் மிச்சப்படுமா?

வீடுதோறும் ஸ்மார்ட் மீட்டர் (மின்பாவனையை நேரவாரியாகப் பதிந்து அனுப்பும் மின்மானி) பொருத்தினால் கொழும்பில் மின்சாரம் மிச்சப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டர் அளக்கும், தானாக மிச்சப்படுத்தாது. தேவை மிகும் வேளைக்கான கூடிய கட்டணமாகிய இலங்கையின் உச்சநேரக் கட்டணம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைக்கானது, கூரைச் சூரிய மின்சாரம் பெருகுவதோ நண்பகலில். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் (குரங்கொன்றால் என்றார்கள்) ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்தடையாகப் பரவியதற்கு, தேவை குறைந்து சூரிய உற்பத்தி மிகுந்திருந்த அவ்வேளையில் அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழலிகள் (மின்நிலையங்களில் சுழன்று மின்சாரம் தரும் பெரிய இயந்திரங்கள்) போதாமல் இருந்ததும் ஒரு காரணம்.

ஆகவே, தேவைக்கேற்ப உற்பத்தி என்ற பழைய வடிவமைப்பை, உற்பத்திக்கேற்பத் தேவையையும் நகர்த்துவதாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் வேலை முடிந்து வந்து குளிக்கும் ஏழு மணிக்கு மொட்டைமாடித் தாங்கி வற்ற, மிதவை கீழிறங்கி, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அந்த அடுக்குமாடிக்கும் நேரத்துக்கேற்ற கட்டணம் இருந்து, மீட்டரின் சமிக்ஞைப்படி அத்தாங்கியை நண்பகலிலேயே நிரப்பிவைத்தால், மோட்டார் எடுக்கும் அலகுகள் குறையாவிட்டாலும், கம்பியில் வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், உச்சநேர இழப்பும் அந்நேரத்துக்கென எரிக்கும் எண்ணெயும் குறையும்.