பவுலின் கச்சை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

கீழ்ப்பழனி மலையில் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் வீடுகளில் கூடி ஜெபிக்கிறோம். அந்தக் கூட்டத்தில் உள்ள என் தோழி, மகனை வளைகுடா நாட்டுக்கு வேலைக்கு அனுப்புவதற்காகத் தன்னுடைய எழுபது சென்ட் காப்பித் தோட்டத்தை விற்கப்போகிறார். அடுத்த வாரம் முன்பணம் வாங்குகிறார். அவருக்காக முழங்காற்படியிடும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. ஒருநாள், "இந்த நிலம் கைவிட்டுப் போகக் கூடாது" என்று உள்ளே கேட்டதுபோல இருந்தது. என் தம்பியும் முன்பு இப்படித்தான் ஓர் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து ஏமாந்தான். காவற்காரன் எக்காளம் ஊதாவிட்டால் இரத்தப்பழி அவன்மேல் வரும் என்று வேதாகமத்தில் எசேக்கியேல் 33இல் வாசித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கூட்டத்தில் எழுந்து, கர்த்தர் சொன்னார் என்று சொல்லிவிடலாமா? அது என் மனதில் எழுந்த எண்ணமாக இருந்தால் என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஊரையும் தோழியையும் அடையாளம் காட்டும் வரிகளை நீக்கிவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன். யாருடைய தோட்டம் விலைக்கு வருகிறது என்பது மலைக் கிராமத்தில் ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஏஜென்ட்டுகளைப் பற்றி உங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டது. மற்றொன்று, ஜெபத்தில் வந்த பாரம். இரண்டையும் ஒரே வாக்கியமாக்கி, அதன்மேல் கர்த்தருடைய பெயரை வைக்கப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எசேக்கியேல் சொல்லும் காவற்காரன், தேசத்தின்மேல் பட்டயம், அதாவது எதிரியின் வாள், வருவதைக் கண்ணால் காண்கிறவன். உங்கள் தம்பிக்கு நேர்ந்தது நீங்கள் கண்ணால் கண்டது. அதைச் சொல்லத் தரிசனம் எதுவும் தேவையில்லை. தோழியின் வீட்டுக்குப் போய் நேராகச் சொல்லலாம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை அரசின் இமைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே அவர் வாங்கலாம். ஒரு தோட்டத்தையே விற்றுக் கொடுக்கும் அளவுக்குத் தொகை கேட்டிருந்தால், எங்கே கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்டே ஆக வேண்டும். நீங்கள் ஊத வேண்டிய எக்காளம் இதுதான். இதை ஊத ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

இனி அந்தப் பாரத்துக்கு வருகிறேன். அதை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று எழுதிய அப்போஸ்தலன் பவுல்தான், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்கிறார். இரண்டும் ஒரே மனிதர் ஒரே சபைக்கு எழுதியவை.

அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் பவுல் தங்கியிருக்கிறார். யூதேயாவிலிருந்து வந்த அகபு என்ற தீர்க்கதரிசி, பவுலின் கச்சையை, அதாவது இடுப்பு வாரை, எடுத்துத் தன் கைகளையும் கால்களையும் கட்டிக்கொள்கிறான். இந்தக் கச்சைக்கு உரியவனை எருசலேமில் இப்படிக் கட்டி, புறஜாதியார் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்கிறான். சொன்னது அவ்வளவுதான். போகாதே என்று அகபு சொல்லவில்லை. போக வேண்டாம் என்று அழுதவர்கள் சுற்றியிருந்த சகோதரர்கள். கதையை எழுதிய லூக்காவும் அவர்களில் ஒருவர். அன்பினால்தான் அழுதார்கள். ஆனால் அந்த 'வேண்டாம்' அகபு கண்டதில் இல்லை. பவுல் புறப்பட்டார். கட்டப்படவும் செய்தார். அப்படியே ரோமாபுரி வரை போனார். தங்கள் பேச்சுக்கு அவர் இணங்காதபோது அந்தச் சகோதரர்கள் அவரைக் கீழ்ப்படியாதவர் என்று சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று அமர்ந்துவிட்டார்கள். நம் ஜெபக்கூட்டங்களில் அந்த அமைதி அரிதாகவே வாய்க்கிறது என்பது என் வருத்தம்.

உங்களுக்கு வந்தது மனதின் கனம். நிலம் போகக் கூடாது என்பது அந்தக் கனத்துக்கு நீங்களே கண்ட பொருளாகவும் இருக்கலாம். அந்தச் சொற்கள் ஜெபத்தின்போது வந்தனவா, எழுந்து அடுப்படிக்குப் போன பிறகு உருவானவையா? நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தம்பி பட்ட காயமும் முழங்காற்படியிடும்போது கூடவே வருகிறது. அதை வெளியே விட்டுவிட்டு யாராலும் ஜெபிக்க முடியாது. ஆனால் அது பேசும்போது, இது அதன் குரல் என்று அடையாளம் தெரிய வேண்டும்.

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிதும் உதவியது, இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கத் துறவி லொயோலா இக்னேஷியஸ் எழுதி 1548இல் அச்சான ஆன்மிகப் பயிற்சி நூல்தான். அவருடைய சபையார், கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே உள்ள செண்பகனூரில் 1895இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். தேவன் ஆத்துமாவைத் தொடும் நேரம் வேறு, அந்த அனல் இன்னும் ஆறாதிருக்கும் அடுத்த நேரம் வேறு என்கிறார் இக்னேஷியஸ். இரண்டாவது நேரத்தில் நம்முடைய யோசனைகளும் தீர்மானங்களும் வந்து கலந்துவிடும். அவற்றை நன்றாகச் சோதித்த பிறகே நம்ப வேண்டும் என்பது அவர் விதி. பயிற்சி கொடுப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தார். பயிற்சி பெறுபவரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளக் கூடாது. சிருஷ்டிகரே தம் சிருஷ்டியோடு நேரடியாக நடந்துகொள்ள இடம் விட வேண்டும். உங்கள் தோழிக்கும் அந்த இடம் வேண்டும். அவரும் ஜெபிக்கிறவர்தானே.

அதனால்தான் கூட்டத்தில் எழுந்து சொல்வதை நான் வேண்டாம் என்கிறேன். பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கர்த்தர் உன் நிலத்தைப் பற்றிச் சொன்னார் என்றால் அவர் என்ன பதில் பேசுவார்? மறுத்தால் கர்த்தரை மறுத்தவர் ஆகிவிடுவார். அப்படி ஒருவரை மூலையில் நிறுத்துவது ஊழியமாகாது. கல்யாணத்திலும் வேலையிலும் சொத்திலும் இது நடந்து, குடும்பங்கள் சபையை விட்டே போனதைக் கண்டிருக்கிறேன்.

பெருமாள்மலைப் பக்கம் வயதான ஓர் அம்மாள் இருக்கிறார். காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். ஜெபத்தில் யாரைப் பற்றியாவது ஏதாவது தோன்றினால் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். எல்லாரும் வாசலில் செருப்புத் தேடும் நேரத்தில் அந்த ஒருவரைப் பின்கட்டுக்கு அழைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார். "உனக்காக ஜெபிக்கும்போது இப்படித் தோன்றியது. என் மனமாகவும் இருக்கலாம். நீயும் ஜெபித்துப் பார்." இவ்வளவுதான் சொல்வார். பிறகு, என்ன முடிவு செய்தாய் என்று கேட்கவே மாட்டார். அவர் சொன்ன சொல்லைக் கேட்டவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏஜென்ட் விஷயத்தை உறுதியாகச் சொல்லுங்கள். பாரத்தைப் பாரமாக மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் இன்னும் கலக்கம் இருந்தால், இப்போதைக்கு ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜெபிப்பதற்கென்று மட்டுமே வரும் பாரங்களும் உண்டு. சபையில் முதிர்ந்த ஒருவரிடம் ஆலோசனை கேட்பதானால் பெயர் சொல்லாமல் கேளுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்தவர் வீட்டு விஷயம் ஊர் சுற்றுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் தோட்டத்தை விற்பதென்று அவர் முடிவெடுத்தால், உங்கள் நட்பில் ஒரு சுருக்கமும் விழக் கூடாது. பையன் கிளம்பும் நாளில் போய் அவனுக்காக ஜெபித்து அனுப்புங்கள். பிற்பாடு ஏதாவது கோணலாகிப்போனாலும், அன்றே சொன்னேனே என்ற சொல் உங்கள் வாயில் வர வேண்டாம்.

அடுத்த வாரம் முன்பணம் வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கி ஒப்பந்தம் எழுதிவிட்டால் பின்வாங்குவது கடினம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வரை காத்திருக்காமல் நாளைப் பள்ளி விட்டதும் போய்வாருங்கள். ஏஜென்ட்டின் பெயரும் பதிவு எண்ணும் அவரிடம் இருந்தால், இருவரும் சேர்ந்தே இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்