திருகோணமலை உவர்மலையில் வாடகைக்கு இருப்பதா, வீடு வாங்குவதா?

மாத வாடகை 30,000 ரூபாய், அதே போன்ற வீட்டின் விலை ஒரு கோடி 20 இலட்சம், அரச உத்தியோகம். எது மேல் என்று கேட்கிறீர்கள்.

முதலில் கணக்கு. ஆண்டு வாடகை 3 இலட்சத்து 60 ஆயிரம், அதாவது வீட்டு விலையில் 3 வீதம். அதே பணத்தை 8 வீத நிலையான வைப்பில் இட்டால் 9 இலட்சத்து 60 ஆயிரம் வரும். கடன் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 2022 இறுதியில் வட்டி 20 வீதத்தையும் தாண்டியதை மறக்க வேண்டாம். நாலைந்து ஆண்டுகளில் இடமாற்றம் வரும் என்றால் வாடகையே போதும்.

ஆனால் நம் ஊரில் வீடு வெறும் முதலீடு அல்ல. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம் கிழக்கில் இன்றும் உண்டு. அதை எந்த வட்டிக் கணக்கிலும் அடக்க முடியாது.

வாங்குவதானால் விலையைவிட உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தைத்தான் நான் பார்ப்பேன். விற்பவர் கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிக் காணியை உரிய அரச ஒப்புதலின்றிக் கைமாற்ற முடியாது. உறுதிக் காணியென்றால் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு வரலாற்றைத் தேடுங்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் உரிமைச் சிக்கல் அதிகம்.

நிலாவெளிப் பக்கம் மலிவாகக் கிடைத்தால், உப்புக் கரிக்கிறதா என்று கோடையில் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.