எந்த வேலை யார் கையில்? குணம், இல்லறம், தொழில்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாகக் குடும்ப நல ஆலோசகராக இருந்து வருகிறேன். தம்பதியர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது பெரும்பாலும், "எங்கள் இருவருக்கும் குணமே ஒத்துப்போகவில்லை" என்பதுதான். அந்த ஒரு பேச்சுக்குள் பணம், வேலை, மாமியார் வீடு, தூக்கமின்மை என்று நான்கைந்து சங்கதிகள் புதைந்து கிடக்கும். இப்போது வந்திருக்கும் கேள்விகளிலும் அதையே காண்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: எதிரெதிர்க் குணமுள்ளவர்கள்தான் ஒருவரையொருவர் விரும்புவார்கள், அப்படிப்பட்ட திருமணமே நிலைக்கும் என்கிறார்களே, உண்மையா மேடம்?

ராபர்ட் வின்ச் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950களில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்: ஒருவரிடம் குறைவது மற்றவரிடம் நிறைந்திருந்தால் இருவரும் பொருந்துவார்கள் என்றார். கேட்பதற்கு அழகான கருத்து. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அதற்குப் பெரிதாகத் துணை நிற்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2023இல் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான தன்மைகளில் துணைவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதாகவே தெரியவந்தது. கல்வி, சமயம், அரசியல் நோக்கு, குடிப்பழக்கம் ஆகியவற்றில் அந்த ஒற்றுமை அதிகம்; கலகலப்பு, கூச்சம் போன்ற சுபாவங்களில் மிகச் சொற்பம். ஆகவே எதிர்க்குணத்தைத் தேடியும் அலைய வேண்டாம், ஒரே குணத்தைத் தேடியும் அலைய வேண்டாம். எதை நியாயம் என்று நினைக்கிறார், எதற்காகக் கடன் வாங்குவார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாரா என்பவற்றில் ஒற்றுமையைப் பாருங்கள். அதற்கு மேல், உங்கள் கைக்கு வராத வேலை அவர் கைக்கு வருமானால் அது பெரிய பலம்.

அம்பாசமுத்திரம், பெண்ணின் தந்தை: பத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது. என் மகளுக்கு ராட்சச கணம், பையனுக்குத் தேவ கணம். குணம் சேராது என்று சொக்காரர்கள் தயங்குகிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஐயா, சோதிடத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. உங்கள் நம்பிக்கையில் தலையிடவும் விரும்பவில்லை. இரண்டு பேரின் சுபாவம் சேருமா என்று பார்க்க வேண்டும் என்ற அக்கறையிலிருந்துதான் கணப் பொருத்தம் வந்திருக்கிறது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் 27 நட்சத்திரங்களும் ஒன்பது ஒன்பதாக மூன்று கணங்களுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்குப்படி உலகில் மூன்றில் ஒரு பங்குப் பேர் ராட்சச கணம். உங்கள் மகளை 20, 25 ஆண்டுகளாகக் கண்ணெதிரே பார்த்தவர் நீங்கள். அவள் கோபக்காரியா, பொறுமைசாலியா என்பதை ஒரு சொல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, புகுந்த வீட்டில் அவள் குரல் உயரும்போதெல்லாம் "கணம் காட்டுகிறது" என்று பேசுவார்களோ என்பதுதான் என் கவலை. அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்கும் அன்று பின்கட்டில் பத்து நிமிடம் பேச விடுவதோடு நிறுத்தாமல், இருவரையும் இரண்டு மூன்று முறை நிதானமாகப் பேச விடுங்கள். திருமணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவது, பெற்றோருக்குப் பணம் அனுப்புவது, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வது ஆகிய மூன்றையும் அவர்களே பேசட்டும். பையன் தன் தங்கையிடம் எப்படிப் பேசுகிறார், தான் நினைத்தது நடக்காத நாளில் எப்படி இருக்கிறார் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

வள்ளியூர், இல்லத்தரசி: என் கணவர் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசமாட்டார். நான் ஓயாமல் பேசுகிறவள். நாங்கள் சேராத ஜோடியா அக்கா?

இல்லை, தங்கச்சி. கெல்லி, கான்லி என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. 1930களில் திருமணம் நிச்சயமான 300 ஜோடிகளை 1980 வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்த வாழ்க்கைகள் கசந்ததற்கும் முறிந்ததற்கும் முக்கியமான காரணங்களாக அவர்கள் கண்டவை, கணவனிடமோ மனைவியிடமோ ஓயாது இருந்த பதற்றமும் எரிச்சலும், கணவனிடம் இருந்த, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குணமும்தான். உங்கள் கணவர் பேசாதவர். எரிந்து விழுகிறவர் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. இரண்டும் வெவ்வேறு.

மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் காலத்தில், ஒரு காற்றாடி நின்றால்கூட இவர்களுக்கு ஓய்வில்லை என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த உயரத்தில் ஒவ்வொரு மரையாணியையும் நிதானமாகப் பார்க்கிற சுபாவம்தான் வீட்டில் மௌனமாகத் தெரிகிறது. வந்து செருப்பைக் கழற்றும்போதே கேள்வி கேட்காதீர்கள். குளித்துச் சாப்பிட்ட பிறகு இருவருமாகத் தெருமுனை வரை நடந்து போய் வாருங்கள். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற ஆண்கள் பக்கத்தில் நடந்தபடி நிறையப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். தம்பதியரின் பிணக்குகளில் ஏறக்குறைய 69 விழுக்காடு கடைசி வரை தீராமல் கூடவே வருபவை என்று, தம்பதியர் உறவை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் கணக்கிட்டிருக்கிறார். உங்களுடையதும் அந்த வகைதான். அதோடு நன்றாகவே வாழலாம்.

கல்லிடைக்குறிச்சி, அப்பளத் தொழில் செய்பவர்: மூன்று தலைமுறையாக அப்பளம் இடுகிறோம். மாவு என் கைவசம். ஆனால் எனக்கு நாலு பேரிடம் பேச வராது. என் மனைவி பி.காம். படித்தவள். வெளியூர்க் கடைகளோடு பேசுவது, வசூல், கணக்கு எல்லாம் அவள்தான். "பொம்பளை கல்லாவில் உட்கார்ந்தால் வீட்டு மதிப்பு என்ன ஆவது?" என்று அப்பா சொல்கிறார். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய?

கடைசியில் எழுதிய அந்த ஒரு வரிக்காக உங்களை மனதார மதிக்கிறேன், தம்பி. அதை மறைத்துவிட்டுத் தகப்பனாரின் தலையில் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம்; நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

உங்களைப் போன்ற ஒரு வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். ஆனி மாதம், மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்த உளுந்து மாவில் ஒரு துளியைக் கிள்ளி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தார். இழை அறுந்த இடத்தை வைத்தே, இன்றைய ஈரக் காற்றுக்கு இந்தத் தண்ணீர் அதிகம், இன்னும் இடிக்க வேண்டும் என்றார். அவர் மனைவிக்கு அந்த இழையில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் அந்த அம்மாள் சிட்டையைப் புரட்டி ஒரு கடையின் பக்கத்தை எடுத்தார். பத்து நாளில் பணம் வந்த கடை பதினைந்தாகி, இருபத்தைந்தாகி, இப்போது நாற்பது நாளில் வந்து நிற்கிறது. அடுத்த சரக்கை அனுப்பக் கூடாது என்றார். கணவரின் கண்ணுக்கு அந்தப் பக்கம் முழுவதும் வெறும் எண்களாகவே இருந்தது. பதினோரு ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், மற்றவர் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பதை இருவரும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அந்த அம்மாள் வெகுநேரம் கணவரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்குக் குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம், நம் பக்கத்தில் கல்லாவில் உட்காருகிறவரே முதலாளி என்று காலங்காலமாக மனத்தில் பதிந்திருப்பதுதான். மாவு தவறினால் கல்லாவுக்கு வேலையில்லை. வசூல் தவறினால் மறுமாதம் உளுந்து வாங்க முடியாது. இதில் யார் பெரியவர் என்ற வழக்குக்கே இடமில்லை. உங்கள் மனைவி கணக்கை எடுத்த பிறகு வராக்கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை, இரண்டு ஆண்டுச் சிட்டையையும் வைத்து நீங்களே தகப்பனாரிடம் காட்டுங்கள். அதை மனைவி சொன்னால் வாதமாகிவிடும். மகன் சொன்னால் செய்தியாக இருக்கும். சொக்காரர்கள் கூடியிருக்கும் கோயில் கொடை சமயத்தில் பேச்சு வந்தாலும், "வசூல் அவள் பொறுப்பு" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தகப்பனாருக்கும் கைவித்தை இருக்கும் அல்லவா? புதிதாக வருகிற உளுந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். பதவி போய்விட்டது என்ற வருத்தம் பாதி குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் உங்கள் மனைவியின் பெயரும் இருக்கட்டும். அன்றாட வேலையை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டாலும், கடன் வாங்குவதையும் தொழிலைப் பெருக்குவதையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

திருநெல்வேலி நகர், சென்னையில் மென்பொருள் பணியில் இருப்பவர்: அலுவலகத்தில் நான்கெழுத்துக் குணத் தேர்வு வைத்து, நான் உள்முக இயல்புடையவன் என்றார்கள். குழுத் தலைவர் பதவி வருகிறது. மறுத்துவிடலாமா?

மறுக்க வேண்டாம். அந்த மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு மனிதர்களை இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று இரண்டாகப் பிரிக்கிறது. உண்மையில் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதினால் வேறு எழுத்து வருவதும் சாதாரணம். பீட்சா கடைகளை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஊழியர்கள் தாங்களே யோசனை சொல்லும் கடைகளில், அதிகம் பேசாத மேலாளரின் கீழ்தான் லாபம் கூடியிருந்தது; அந்த மேலாளர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதே காரணம். உங்கள் குழுவினர் சொந்தமாக யோசிக்கிறவர்களா என்று பாருங்கள். கூட்டங்களில் முன்னால் நின்று பேசக் கூச்சமாக இருந்தால், குழுவில் பேச்சுத் திறமை உள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரி, ஆசிரியை: தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, பள்ளி வேறு மாவட்டத்தில். கணவருக்கு இங்கே கடை. "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், ஆஸ்திரேலியாவில் மணமான சுமார் 5,000 பேரை ஐந்தாண்டு கவனித்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருடைய வருமானம், பதவி உயர்வு, பணித்திருப்தி ஆகிய மூன்றோடும் அவருடைய துணையின் ஒரு குணம் தொடர்புற்றிருந்தது. அது கலகலப்போ இனிய சுபாவமோ அன்று, பொறுப்புணர்வு. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கிற துணை இருந்தால், வீட்டுக் கவலை அலுவலகம் வரை பின்தொடர்வதில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது ஒன்றாகவே இருந்தது.

ஆகவே "உன் இஷ்டம்" என்பதற்குப் பொருள் தேடிக்கொண்டிராமல், வேலைகளைப் பேசுங்கள். காலையில் பிள்ளைகளைக் கிளப்புவது யார், மாமியாரின் சர்க்கரை மாத்திரையைக் கவனிப்பது யார், வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் நீங்கள் வந்து இறங்கும்போது வீட்டில் உலை வைத்திருப்பது யார் என்று ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். பேனாவை எடுத்து அதில் தன் பெயரை எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதினால் தாராளமாகப் போங்கள். எழுதாவிட்டால், சம்மதம் இன்னும் வரவில்லை என்று பொருள். அதை நேருக்கு நேர் கேட்டுவிடுங்கள்.

ஊர் குறிப்பிட வேண்டாம் என்றவர்: கோபத்தில் கை நீட்டுவார். மற்றபடி நல்லவர். நான் பொறுமைசாலி என்பதால் அவருக்கு ஏற்றவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

மகளே, அடிக்கு ஈடு செய்கிற குணம் என்று ஒன்று கிடையாது. உங்கள் பொறுமையை யாரும் அதற்கு விலையாகக் கேட்கக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இன்றே பேசுங்கள்.

சேரன்மகாதேவி, 63 வயது அம்மா: அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. வங்கி, வரி, மின்கட்டணம் எல்லாம் அவர். சமையலும் சொந்தபந்தமும் நான். நாற்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது ஒரு பணம் எடுக்கும் சீட்டுக்கூட எழுதத் தெரியாமல் நிற்கிறேன்.

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலைகளைப் பகிர்ந்துகொள்ளும் தம்பதியருக்கு எல்லாம் நான் சொல்லத் தவறியதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் பலத்தில் மற்றவர் நிம்மதியாகச் சாய்ந்திருப்பது நல்லதுதான். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு மாதமாவது வேலையை மாற்றிச் செய்து பார்த்திருக்க வேண்டும். நானும் என் வீட்டில் அதைச் செய்யவில்லை. வருமான வரிக் கணக்கு எந்த உறையில் இருக்கிறது என்று நேற்று இரவுதான் என் கணவரிடம் கேட்டேன். அவர் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார்.

நீங்கள் கையாலாகாதவர் அல்ல. நாற்பது வருஷமாக எந்த வீட்டில் சடங்கு, எந்த வீட்டில் துக்கம், யாருக்கு எவ்வளவு மொய் செய்தோம் என்று மனத்திலேயே வைத்திருந்தவருக்கு ஒரு வங்கிப் புத்தகம் பாரமாகாது. முதலில் பாஸ்புத்தகம், அவருடைய ஓய்வூதியப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். குடும்ப ஓய்வூதியம் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா, ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்த மாதத்தைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ரகசிய எண்ணை யார் தொலைபேசியில் கேட்டாலும் சொல்லாதீர்கள். உறவினர்களில் உங்களுக்கு மனம் ஒட்டிய பெண் ஒருத்தியை உடன் அழைத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நடுவாரக் காலையில் வங்கிக்குப் போங்கள். அவள் பக்கத்தில் நிற்கட்டும். சீட்டை நீங்களே எழுதுங்கள். முதல் தடவைக்கு ஐந்நூறு ரூபாய் போதும்.