மோட்டார் ஹோமுக்குப் பின்னால் பேட்டரி காரைக் கட்டிக்கொண்டு போகலாமா?

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிராவலர் வேன் ஒன்றைப் படுக்கை, சமையல் மேடை, பாத்ரூம் வைத்து மோட்டார் ஹோமாக மாற்றி, ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டோம். ஆனைமலைப் பக்கம் சொந்தக்காரர் தென்னந்தோப்பில் நான்கு நாள் தங்கப் போகிறோம். அடுத்து வால்பாறை, ஏற்காடு போகவும் ஆசை. அப்பாருக்கும் ஆத்தாவுக்கும் முட்டிவலி, தோப்புக்குள் நடக்க முடியாது. கோல்ஃப் மைதானத்தில் ஓடிய நாலு சீட்டு பேட்டரி கார் ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. அதை டிரெய்லரில் ஏற்றி வேனுக்குப் பின்னால் கட்டி எடுத்துப் போகலாமா? டிரெய்லரை எங்கள் ஊர் லேத் பட்டறையிலேயே செய்து தருகிறேன் என்கிறார்கள்."

பேட்டரி காரை ஆனைமலைக்குக் கொண்டுபோங்கள். வால்பாறைக்கும் ஏற்காட்டுக்கும் வேண்டாம். ஆனைமலைக்கும்கூட முதல் தடவை டிரெய்லர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 9, 10 அடி தொட்டி உள்ள பிக்கப் வண்டியை வாடகைக்குப் பேசி, பேட்டரி காரை அதில் ஏற்றித் தனியாக அனுப்பிவிடுங்கள். நான்கு நாள் கழித்து அதே வண்டி வந்து திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். போக வர இரண்டு வாடகை ஆகும், அவ்வளவுதான். வருஷத்துக்குப் பல தடவை இப்படிப் போவோம் என்று உறுதியான பிறகு டிரெய்லரில் பணம் போடலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? உங்கள் வேன் அந்தப் பாரத்தை இழுத்துவிடும். எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நிறுத்துவதிலும் வளைவதிலும்தான் சிக்கல்.

அமெரிக்காவில் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கோல்ஃப் கார்ட் கட்டிப் போகிறவர்களை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரிய மோட்டார் ஹோம்கள் பலவற்றில், 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ வரை இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே அளவு கொடுத்துக் கொக்கியும் வைத்துத் தருகிறார். நம்மூர் வேன்களில் பெரும்பாலும் அப்படி ஓர் எண் கிடையாது. உங்கள் வேனின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். இழுவை எடை என்று ஒன்றும் போடவில்லை என்றால், அது இழுப்பதற்காகச் செய்த வண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் கொக்கி மாட்ட வேண்டாம்.

எடைக் கணக்கைப் பார்ப்போம். லெட் ஆசிட் பேட்டரி போட்ட நாலு சீட்டு கார் ஏறக்குறைய 500 கிலோ வரும். அதில் பேட்டரி மட்டுமே 170, 180 கிலோ. 48 வோல்ட்டுக்கு 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு இருக்கும், ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குப் பக்கம். டிரெய்லரின் சொந்த எடை 300 கிலோ என்று வைத்தால் மொத்தம் 800. இதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 80 முதல் 120 கிலோ, கொக்கியின் மேல் உட்கார வேண்டும்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து வலிக்கும், பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரில் பின்பாரம் ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே வாலை ஆட்ட ஆரம்பிக்கும். இந்தக் கார்களில் பேட்டரி சீட்டுக்கு அடியில், பின் சக்கரத்தை ஒட்டி இருக்கும். அதனால் நேராக முன்பக்கமாக ஓட்டி ஏற்றினால் கனம் டிரெய்லரின் வால் பக்கம் போய்விடும். தேவைப்பட்டால் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். கொக்கிப் பாரத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மஞ்சள் மண்டியில் மூட்டை போடும் பிளாட்பாரத் தராசு போதும். சமதரையில், வண்டியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் டிரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையை, தராசின் மேல் முட்டுக் கொடுத்து நிறுத்தி, எண்ணைப் பாருங்கள். காரை அரை அடி முன்னே, அரை அடி பின்னே நகர்த்தினாலே எண் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். சரியான இடம் கிடைத்ததும் பலகையில் சக்கரத்துக்கு நேராகப் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

சரி, அந்த 100 கிலோ வேனை என்ன செய்யும்? இதைப் பலரும் யோசிப்பதில்லை. முன், பின் அச்சுகளுக்கு நடுவே 3.5 மீட்டர் என்றும், பின் அச்சில் இருந்து கொக்கி 1.75 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வையுங்கள். கொக்கியில் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 150 கிலோ. முன் அச்சில் 50 கிலோ குறைகிறது. உங்கள் வேனில் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் ஏற்கனவே பின்னால்தான் இருக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் முன் சக்கரத்தை நம்பி இருக்கும்போது, முன்பக்கம் லேசாவது நல்லதில்லை. கிளம்புகிற நிலையில், தண்ணீர் நிரப்பி, ஆட்களும் ஏறிய பிறகு, எடை மேடையில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாகப் போட்டுச் சீட்டு வாங்குங்கள். பின் அச்சுக்குக் கம்பெனி கொடுத்த அளவை அது ஏற்கனவே தொட்டுவிட்டது என்றால் டிரெய்லர் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

பிரேக் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. ஐரோப்பாவில் டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். நம் மலைப்பாதைகளை நினைத்தால் 750-க்குக் கீழே இருந்தாலும் எனக்கு பிரேக் வேண்டும். ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70, திம்பத்தில் 27. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பின்னால் 800 கிலோ தள்ளிக்கொண்டே வரும். வேனின் பிரேக் மட்டும் இரண்டு வண்டிகளையும் பிடித்துப் பிடித்துச் சூடாகி, கீழ் வளைவுகளுக்கு வருவதற்குள் பிடிப்பே விட்டுப்போகும். கொண்டை ஊசியில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். குட்டை டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் மடங்கிவிடும். இதற்காகத்தான் மலை வேண்டாம் என்கிறேன். மலைக்குப் போகும்போது மடக்கும் வீல்சேர் ஒன்று போதும், வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

லேத் பட்டறை டிரெய்லர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களின் வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது. கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. பதிவு இல்லாத டிரெய்லர் விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ஒப்புதல் உள்ள தயாரிப்பாளரிடம், பதிவுக்கான காகிதங்களைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். வேனில் கொக்கி பொருத்துவதும் வண்டியில் செய்கிற மாற்றம்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கியைப் பம்பரிலோ நீட்டிய பாடியிலோ வெல்டு வைக்கக் கூடாது, சேஸிஸின் நீளச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். டிராக்டர் கொக்கியும் அதில் செருகும் இரும்பு ஆணியும் வேகத்துக்கு ஆகாது. ஆணி துளைக்குள் லூசாக ஆடும், அந்த ஆட்டம் ஒவ்வொரு பிரேக்குக்கும் வேனை இடிக்கும். பந்துக் கொக்கி வாங்குங்கள். அதிலும் 50 மில்லிமீட்டர், 2 அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். வேனில் இருக்கும் பந்து ஓர் அளவு, அதைக் கவ்வும் டிரெய்லர் மூடி வேறு அளவு என்று கலந்தால் மாட்டிய மாதிரியே இருக்கும், குழியில் விழும்போது கழன்றுவிடலாம். மூக்குக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள்.

பிக்கப்போ டிரெய்லரோ, ஏற்றிக் கட்டும் முறை ஒன்றுதான். டிரெய்லர் என்றால் வேனில் மாட்டிய பிறகே ஏற்ற வேண்டும். மாட்டாமல் ஏற்றினால் கார் சாய்வுப் பலகையில் இருக்கும்போதே மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கும். ஏற்றியதும் சாவியை எடுங்கள். சீட்டுக்கு அடியில் ஓட்டத்துக்கும் இழுவைக்கும் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை இழுவைக்குத் தள்ளுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். குலுங்கலில் அது விட்டுவிடும். நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட்டை அடிச்சட்டத்தில் மாட்டி இழுங்கள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சீட்டு மெத்தைகள் பல கார்களில் சும்மா வைத்துத்தான் இருக்கும், வேகத்தில் பறந்துவிடும். அவற்றையும் முன் கண்ணாடியையும் கழற்றி வேனுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

டிரெய்லரே இல்லாமல், காரின் நான்கு சக்கரமும் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. சக்கரத்தோடு மோட்டாரும் சுற்றும். மெதுவாக ஓடவே செய்த மோட்டாரை நெடுஞ்சாலை வேகத்தில் சுற்றவிட்டால் பழுதாகும்.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கரண்ட். வேனின் உள் பேட்டரியில் இருந்து சார்ஜ் செய்ய நினைக்காதீர்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியில் இருப்பது 2.4 யூனிட். காரின் 48 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் தொகுப்புக்கு 7 யூனிட்டுக்கு மேல் வேண்டும். தோட்டத்து மோட்டார் ரூமில் இருந்தும் எடுக்கக் கூடாது. அது பாசனத்துக்கு அரசு கொடுக்கும் இலவச மின்சாரம், மாட்டினால் தோட்டக்காரருக்குத்தான் தொல்லை. வீட்டு இணைப்பில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கைக் கேளுங்கள். காற்றோட்டமான இடத்தில், சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, இரவு முழுக்கப் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் அமிலம் வழிந்து சட்டத்தை அரித்துவிடும்.

பழைய கார் என்பதால் வாங்குவதற்கு முன் பேட்டரி எந்த வருஷத்தது என்று பாருங்கள். காரின் விலை குறைவாகத் தெரிந்தாலும், ஆறு பேட்டரியும் மாற்ற வேண்டி வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். தோப்புக்கு வெளியே, கால்வாய்க் கரையைத் தாண்டித் தார் ரோட்டில் ஓட்டவும் ஆசைப்படாதீர்கள். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும் வண்டிக்குத்தான் பதிவில் விலக்கு. இந்தக் கார்களின் மோட்டார் அதைப் போலப் பல மடங்கு. பதிவு எண் இல்லாமல் பொதுச் சாலையில் ஏற்றினால் குற்றம். வரப்பு, வாய்க்கால் மேடு, தென்னை வேர் எல்லாம் இருக்கும் தோப்பில் பெரியவர்களை உட்கார வைப்பதற்கு முன்னால், நீங்கள் ஒரு சுற்று தனியாக ஓட்டி வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் திரும்பி உட்காரும் சீட்டில் அப்பாரையும் ஆத்தாவையும் வைக்க வேண்டாம். அதில் பிடிமானம் குறைவு, மேட்டில் ஏறும்போது முன்னால் சரிவார்கள். முன் சீட்டில் ஒருவராக உட்கார வைத்து இரண்டு நடையாக அழைத்துப் போங்கள்.