சோபாவுக்கு எந்தத் தோல்?

கேள்வி: வரவேற்பறைக்குத் தோல் சோபா வாங்க விரும்புகிறோம். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகளும் ஒரு பூனையும் உண்டு. கடையில் காட்டிய மூன்று சோபாக்களையும் ‘அசல் தோல்’ என்றே சொன்னார்கள். விலையோ மூன்றுக்கும் மூன்று விதம். எதை வாங்குவது?

பதில்: ‘அசல் தோல்’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாட்டுத்தோல் 4 மில்லிமீட்டருக்கு மேலும் தடித்திருக்கும்; சோபாவுக்கு வேண்டியதோ 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமன்தான் என்பதால், பதனிடும்போது அதை எந்திரத்தில் ஏடு ஏடாகப் பிளக்கிறார்கள். மயிர் இருந்த பக்கத்து மேலேட்டில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால் அதற்கு உறுதி அதிகம். அடியேட்டில், அதாவது ‘ஸ்பிளிட்’ தோலில், நார்கள் தளர்வாக இருப்பதால், அதன்மேல் கனமான பூச்சு ஏற்றி, மேலேட்டில் இருப்பது போன்ற ரேகைகளை அச்சிட்டு விற்கிறார்கள். இரண்டுமே அசல் தோல்தான் என்றாலும், நாள்தோறும் உட்கார்ந்து எழும் இருக்கைக்கு மேலேடே ஏற்றது.

‘பாண்டட் லெதர்’ என்பது தோல் துணுக்குகளை அரைத்து, பிசினோடு சேர்த்துத் தாளாக்கி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்தபின் ஒழுங்காகச் சரிசெய்ய வழியில்லை. இதை எந்த வீட்டுக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பணம் போதவில்லையென்றால் நல்ல கெட்டித் துணி உறை போட்ட சோபாவையே வாங்குங்கள்.

அடுத்து, மேற்பூச்சைக் கவனியுங்கள். அனிலின் தோலில் சாயம் ஊறியிருக்குமே தவிர மேலே நிறப்படலம் இராது. மாட்டின் கழுத்து மடிப்பும் பூச்சி கடித்த தழும்பும்கூட அதில் தெரியும். தொட்டால் அவ்வளவு மென்மை! ஆனால் சிந்திய பாலையும் தலையில் தடவிய எண்ணெயையும் அது அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். நிறப்பூச்சிட்ட ‘பிக்மென்டட்’ தோல் தொடுவதற்குச் சற்று விறைப்பாக இருந்தாலும், ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலான கறை போய்விடும். கடைக்காரரிடம் மாதிரித் துண்டு கேட்டு அதில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: அனிலினில் நீர் இறங்கி அந்த இடம் கருக்கும், பூச்சிட்ட தோலில் சொட்டு முத்தாக நிற்கும்.

உங்கள் வீட்டுக்கு மேலேட்டில் செய்த பிக்மென்டட் தோலே பொருந்தும். மேற்பரப்பைத் தேய்த்து வெல்வெட் போலாக்கிய, நிறப்பூச்சில்லாத நுபக், ஸ்வேட் தோல்கள் இரண்டும் உங்களுக்கு வேண்டாம். பூனையின் நகத்தைத் தாங்கும் தோல் எதுவும் இல்லை. ஆயினும் பூச்சிட்ட தோலில் விழும் மேலோட்டமான கீறலை அதே நிறம் தடவி மறைக்க முடியும்.

இன்னொன்று: பல சோபாக்களில் உடல் படும் இடங்களுக்கு மட்டுமே தோல் போட்டு, பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் ரெக்சின் வைத்துத் தைக்கிறார்கள். அதில் தவறில்லை, சொல்லி விற்றால். இருக்கை, கைப்பிடி, பின்புறம் ஒவ்வொன்றுக்கும் எந்த ஏட்டுத் தோல், என்ன பூச்சு என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.