ஓய்வு பெற்ற ஜப்பான் வீரர் நகாட்டாவின் 'பிரபல வரிசை எண்' எதைக் காட்டுகிறது?

ஹிடெடோஷி நகாட்டா 2006 உலகக் கோப்பையோடு, 29 வயதில் கால்பந்தை விட்டுவிட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் இணையத்தளங்கள் போடும் பிரபல எண் என்ன?

பெரும்பாலும் அது எத்தனை பேர் அவரைத் தேடினார்கள், பக்கத்தைத் திறந்தார்கள் என்ற கணக்குதான். அதோடு, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் இடம் என்பதால், அவர் ஒன்றும் செய்யாமலேயே எண் இறங்கும். புதிதாக நாலு பேர் முன்னே வந்தால் போதும். மழை வந்தால்தானே குடையைத் தேடுகிறோம்? அதுபோல, உலகக் கோப்பை நேரத்திலோ பிறந்தநாளான ஜனவரி 22ஐ ஒட்டியோ தேடல் கூடலாம், அப்புறம் அடங்கிவிடும்.

ஆட்டம் வேறு கதை. 2001 மே மாதம், இத்தாலிய லீக் பட்டத்துக்குப் போட்டியிட்ட யுவென்டஸிடம் நகாட்டாவின் அணியான ரோமா 0-2 என்று பின்தங்கியிருந்தது. டோட்டிக்குப் பதிலாக இறங்கிய நகாட்டா தூரத்திலிருந்து அடித்து ஒரு கோல் போட்டார். அவர் அடித்த இன்னொரு பந்தை கோல்கீப்பர் தடுத்தும் பிடிக்க முடியவில்லை; சக வீரர் மான்டெல்லா அதை வலைக்குள் தள்ளினார். 2-2. அந்த ஆண்டு பட்டம் ரோமாவுக்குத்தான். இதையெல்லாம் எந்தத் தேடல் எண் சொல்லும்?

சரி, 2004இல் பெலே தேர்ந்தெடுத்த, வாழும் சிறந்த கால்பந்து வீரர்களின் பட்டியலில் அவர் 'எத்தனாவது இடம்' என்றும் சிலர் கேட்பார்கள்: அது தரவரிசையே அல்ல, வெறும் 125 பெயர்கள்; அதில் இருந்த ஒரே ஜப்பானியர் நகாட்டா.